யாரும்மா சொல்லுவாங்க?

போன வருடம் மே மாதக் கடைசி. பள்ளி திறக்கப் பத்து நாள் இருந்தது. சின்னவனை உட்கார வைத்து முதுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவனுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்புக்குப் போகவேண்டியவன். நாரைப் போட்டு நான் தேய்த்த வேகத்தில் தோள்பட்டையில் கோடு கோடாக விழுந்துவிட்டது.

"போதும்மா, எரியுது."

"அழுக்கோட போனா, காலனிப் பசங்கன்னா இப்படித்தான்னு சொல்லுவாங்கடா."

அவன் திரும்பிப் பார்த்தான். "யாரும்மா சொல்லுவாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. நார் கையிலேயே நின்றுவிட்டது.

அது என்னுடைய வாக்கியம் இல்லை. என் அம்மாவுடையது. தொண்ணூறுகளின் கடைசியில், விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனியிலிருந்து ஊருக்குள் இருந்த பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோன பிள்ளை நான். நடவுக்குக் கிளம்பும் முன் இருட்டிலேயே என்னை எழுப்பி, இதே மாதிரி தேய்த்துக் குளிப்பாட்டி, எண்ணெய் வழிய வாரிப் பின்னி, "பாத்தா யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது" என்று அம்மா அனுப்புவார். அவருக்குக் காரணம் இருந்தது. சொல்வதற்கு ஆட்கள் இருந்தார்கள். எவ்வளவு தேய்த்துக்கொண்டு போனாலும் சொன்னார்கள்.

அந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் "காலனிப் புள்ளைங்க எழுந்திரிங்க" என்பார்கள். நாங்கள் நான்கு பேர் எழுந்து, அடிபம்பில் தண்ணீர் அடித்து, குடத்தில் கொண்டுபோய் ஆசிரியர்களின் கழிப்பறையைக் கழுவ வேண்டும். மற்ற பிள்ளைகள் அந்த நேரத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஏழாம் வாய்ப்பாடு எனக்கு இன்றைக்கும் தடுமாறும்.

பிறகு நான் முதுகலையில் சமூகவியல் படித்தேன். தூய்மை, தீட்டு பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். சமூகப் பணிக்கு வந்த பிறகு எத்தனையோ பெற்றோர் கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன். இவ்வளவுக்குப் பிறகும் என் மகனின் முதுகில் அம்மாவின் பயத்தைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஒழுக்கம், சுத்தம், நேரந்தவறாமை ஆகிய மூன்று சொற்களும் நம் பிள்ளைகளின் காதில் பாடமாக விழுந்ததைவிடத் திட்டாக விழுந்ததே அதிகம். அதனால் நம்மில் சிலர் பிள்ளைகளை எதுவும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். வேறு சிலர் என் அம்மாவைப் போல, பிறர் வாய்க்குப் பயந்து பிள்ளையை வறுத்தெடுக்கிறோம். பள்ளி திறப்பதற்குள் இரண்டுமில்லாத ஒரு வழியைத் தேடுவது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். எந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தாலும், "எதுக்கும்மா?" என்று பிள்ளை கேட்டால் "அவங்க சொல்லுவாங்க" என்பது பதிலாக இருக்கக் கூடாது. எனக்கு நானே போட்டுக்கொண்ட ஒரே விதி இதுதான். அந்த ஒரு வருடத்தில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். இந்த ஜூனுக்குத் தயாராகிறவர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் தூக்கம். பெரியவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கோடை விடுமுறை முழுக்க இரவு பன்னிரண்டு மணிவரை செல்போன், காலை ஒன்பது மணிக்கு விழிப்பு. ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை ஒரு பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரமும், பதின்மூன்றிலிருந்து பதினெட்டுவரை எட்டு முதல் பத்து மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதை அவனிடம் சொன்னேன். "அப்பா பதினொரு மணிவரைக்கும் டிவி பாக்குறாரே?" என்றான். எங்களுடையது இரண்டு அறை வாடகை வீடு. டிவி இருக்கும் அறையில்தான் பிள்ளைகள் படுக்கிறார்கள். அவன் கேட்டதில் தப்பில்லை.

அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவத்தைப் பற்றி மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். பம்பாய் பரேலில் ஒரே அறை. சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் அங்கேயே. பின்னிரவு இரண்டு மணிக்கு எழுந்து விளக்கில் படித்தார் என்பதோடு கதையை நிறுத்திவிட்டு, "நீயும் அப்படிப் படிடா" என்போம். ஆனால் அதற்கு முன்னால் இருப்பதைச் சொல்வதில்லை. மகனைச் சீக்கிரமே படுக்க வைத்துவிட்டு, அப்பா ராம்ஜி விழித்திருப்பார். இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டு, அவன் படுத்த இடத்தில்தான் தாம் படுப்பார். இடமில்லாத வீட்டில் மகனின் தூக்கத்துக்கு இடம் கொடுத்தவர் அப்பா. அவர்தான் முதலில் தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டார்.

எங்கள் வீட்டிலும் முதலில் மாறியது பெரியவர்கள்தான். ஒன்பதரைக்கு டிவி நிறுத்தம். நால்வர் வீட்டின் மூன்று செல்போன்களும் அரிசி டப்பாவின் மேல். என்னுடையதும் உண்டு. களப்பணி அழைப்பு வரும் என்று நான் சொன்ன சாக்கு மூன்று நாள்தான் செல்லுபடியானது. பள்ளி திறப்பதற்கு முன்பே இரண்டு நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னதாகப் படுக்க வைத்தோம். ஒரே நாளில் பன்னிரண்டிலிருந்து ஒன்பதரைக்கு இழுத்தால் பிள்ளை இருட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் உடம்பு வந்துவிடுகிறது.

அடுத்தது காலை உணவு. சின்னவன் படிக்கும் அரசுத் தொடக்கப்பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் பசி நின்றுவிடுமா? நான் வேலை செய்யும் காலனிகளில் அம்மாக்கள் காலை ஐந்து, ஆறு மணிக்கே கம்பெனி வேனிலும் நூறு நாள் வேலைக்கும் பூ பறிக்கவும் போய்விடுகிறார்கள். ஆறாவது, ஏழாவது படிக்கும் பையன்கள் வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போய், மதிய சத்துணவுவரை காத்திருக்கிறார்கள். அக்கா தங்கை இருக்கும் வீட்டில் அவள் எதையாவது கிண்டி வைக்கிறாள். அவளுக்கும் பள்ளிக்கு நேரமாகிறது என்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

பெரியவனுக்கு அந்த ஜூனில் மூன்று செய்முறைகள் கற்றுக்கொடுத்தேன்: கேழ்வரகுக் கூழ், முட்டை, பழைய சோற்றைத் தயிர் விட்டுப் பிசைந்து வெங்காயத்தோடு சாப்பிடுவது. மூன்றாவதற்குச் செய்முறை தேவையா என்று சிரிக்க வேண்டாம். பழைய சோறு கேவலம் என்று அவன் எங்கிருந்தோ கற்றுக்கொண்டு வந்திருந்தான். முதலில் அதை மறக்க வைக்க வேண்டியிருந்தது. காலையில் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவன் சாக்கடையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். வெறும் வயிற்றில் விழுங்கி ஒருமுறை வாந்தி எடுத்ததால் வந்த பயம். சாப்பிட்ட பிறகு போட்டபோது ஒன்றும் செய்யவில்லை.

மூன்றாவது வீட்டு வேலை. இங்கேதான் சண்டை.

2019இல் ஒன்றிய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதிலும் வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். ஆண் பிள்ளைகளுக்கு "நல்ல பழக்கம்" என்று நாம் சொல்வதில் பாதி, அந்த 299 நிமிடத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது. பையன் சரியான நேரத்துக்கு, துவைத்த யூனிஃபார்மோடு, டிபன் டப்பாவோடு கிளம்புகிறான் என்றால், அது அவன் பழக்கமா, அம்மாவின் உழைப்பா?

அதனால் ஒரு தாளில் நான்கு பேர் பெயரையும் எழுதி ஒட்டினோம். அவரவர் தட்டு அவரவர் கழுவுவது. யூனிஃபார்மை ஊற வைத்துத் துவைப்பது பெரியவன், காயப் போட்டு மடிப்பது சின்னவன். இரவே டைம்டேபிள் பார்த்துப் பையை அடுக்குவது. கழிப்பறை கழுவுவது முறை போட்டு நான்கு பேரும். சின்னவன் தண்ணீர் ஊற்றினால் போதும்.

பெரியவன் தாளைப் படித்தான். தட்டு, துணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கடைசி வரியில் நின்றான்.

"கக்கூஸெல்லாம் நான் கழுவ மாட்டேன். அதுக்குத்தான் ஆள் இருக்காங்க இல்ல."

ஆள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கை ஓங்கிவிட்டது. அடிக்கவில்லை. என் இணையர் நடுவில் வந்து, "அவன் நம்மகிட்டயா கத்துக்கிட்டான்? அவன் பழகுற எடம் அப்படி. உக்காந்து பேசு" என்றார்.

அன்று இரவுதான் என் ஐந்தாம் வகுப்பு வெள்ளிக்கிழமைகளை என் மகன்களிடம் முதல்முறையாகச் சொன்னேன். சின்னவன் அழுதான். பெரியவன் கோபமாக, "அப்ப நீயே எதுக்கு என்னைக் கழுவச் சொல்ற?" என்றான்.

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்தவரை இப்படிச் சொன்னேன்: "நம்ம அழுக்க நாம கழுவுறது வேற. எல்லாரோட அழுக்கையும், நீ இன்னாருக்குப் பொறந்தங்கறதுக்காக உன்னைக் கழுவச் சொல்றது வேற. முதலாவதை யாரும் செய்யாம இருக்கக் கூடாது. ரெண்டாவதை யாரும் யாரையும் செய்யச் சொல்லக் கூடாது. ‘ஆள் இருக்காங்க’ன்னு நீ சொன்னியே, அந்த ஆளா என்னை நாலு பேரு முன்னாடி எழுப்பி நிக்க வச்சாங்க."

மறுநாள் முறை அவனுடையது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பிரஷ்ஷை எடுத்தான். ஆனால் எடுத்தான். அந்த வாரம் முறை என் இணையருக்கு வந்தபோது, அவர் கழுவுகிறாரா என்று வாசலில் நின்று பார்த்தான். அப்பா கழுவியதைப் பார்த்த பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை.

நான்காவது பழக்கத்துக்கு நேரம்தான் செலவு. இரவு சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் பேச்சு. மதிப்பெண், வீட்டுப்பாடம் எதையும் அப்போது கேட்கக் கூடாது. இன்றைக்கு யாரோடு சாப்பிட்டாய், எங்கே உட்கார்ந்தாய், யார் என்ன சொன்னார்கள், அவ்வளவுதான். ஆண் பிள்ளைகளிடம் நாம் இதைக் கேட்பதே இல்லை. "ஆம்பளப் புள்ள, பாத்துக்குவான்" என்று விட்டுவிடுகிறோம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். சக மாணவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். புகார் சொன்ன பிறகு வீடு புகுந்து அவரையும் தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை அவிழ்ப்பது பள்ளியின் வேலை. "நாளைக்கு நான் பள்ளிக்கூடம் போகல" என்று ஒரு பையன் சொன்னால், அதைச் சோம்பல் என்று நினைக்காமல் ஏன் என்று கேட்பது வீட்டின் வேலை. படுக்கை நேரத்தைப் போல அந்தக் கேள்விக்கும் தினசரி ஒரு நேரம் இருந்தால்தான் அவன் சொல்லுவான். திடீரென்று ஒருநாள் கேட்டால் சொல்ல மாட்டான்.

ஜூலையில் ஒருநாள் அந்தப் பத்து நிமிடத்தில் சின்னவன் சொன்னான்: "இன்னிக்கு டீச்சர் வகுப்பு பெருக்கச் சொன்னாங்க. நானும் இன்னும் ரெண்டு பேரும் பெருக்கினோம்."

"மத்தவங்க?"

"தெரியலம்மா."

அன்று இரவு நான் தூங்கவில்லை. 2022இல் ஈரோடு மாவட்டத்தில், பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியர் ஒருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதான செய்தி நினைவுக்கு வந்தது. காலையில் விடுப்பு சொல்லிவிட்டு நேராகப் பள்ளிக்குப் போனேன். வகுப்பாசிரியர் இளம்பெண். ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஒரு நாளைக்கு மூன்று பேர், ஆண் பெண் எல்லாரும். நேற்று என் மகனின் எண் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

என் முகம் சுண்டிப்போனது. "எதுக்குங்க கேக்குறீங்க?" என்றார். மறைக்காமல் என் வெள்ளிக்கிழமைகளைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த லிஸ்ட்ட சுவத்துல ஒட்டிடறேங்க. புள்ளைங்களுக்கும் தெரியட்டும்" என்றார்.

நான் போனது தப்பா என்று பலமுறை யோசித்தேன். தப்பில்லை. அடுத்த முறை சந்தேகம் வந்தாலும் போவேன். ஆனால் அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி சொல்லிக்கொடுத்திருக்கிறேன். யார் எந்த வேலை சொன்னாலும் மரியாதையாகக் கேட்க வேண்டும்: "எல்லாருக்கும் முறை உண்டா?" உண்டு என்றால் முதல் ஆளாகச் செய். இல்லை என்றால் செய்யாதே. எதுவானாலும் அன்றைக்கே வீட்டில் சொல்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொன்னால் பொய். என் இணையருக்கு இரவு ஷிப்ட் வரும் வாரங்களில் தாளில் இருக்கும் எதுவும் நடக்காது. காலாண்டுத் தேர்வு சமயம் பெரியவன் போர்வைக்குள் செல்போன் வைத்திருந்து மாட்டினான். மழைக்காலத்தில் இருவருக்கும் காய்ச்சல் வந்து, இரண்டு வாரம் எல்லாவற்றையும் மறந்தோம். மறந்த பிறகு திரும்ப ஆரம்பித்தோம். அட்டவணை கிழிந்து மூன்றாவது தாள் ஒட்டியிருக்கிறோம்.

பொங்கலுக்கு என் அம்மா வந்திருந்தார். காலையில் பெரியவன் கழிப்பறை கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் பிரஷ்ஷைப் பிடுங்கினார். என்னைப் பார்த்து, "இந்த வேலைய விட்டு வரத்தானேடி நாத்து நட்டு உன்னைப் படிக்க வச்சேன்? உன் புள்ள கையில நீயே குடுக்குறியா?" என்றார். கண் கலங்கிவிட்டது. சமூகவியலில் எனக்குத் தெரிந்த எதையும் அந்தக் கண்ணுக்கு முன்னால் சொல்ல முடியவில்லை.

பெரியவன்தான் சொன்னான். "ஆயா, இது நம்ம வீட்டு பாத்ரூம். நேத்து அப்பா கழுவுனாரு. நாளைக்கு அம்மா."

அம்மா பிரஷ்ஷைக் கொடுக்கவில்லை. "பள்ளிக்கூடத்துல உன்னக் கழுவச் சொல்றாங்களா?"

"இல்ல ஆயா."

"சொன்னா?"

"எல்லாருக்கும் முறை உண்டான்னு கேப்பேன்."

அம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிரஷ்ஷை அவனிடம் கொடுக்காமல் பக்கெட்டில் போட்டுவிட்டு, சமையலறைக்குப் போய் அவனுக்குக் கூழ் கரைத்தார். அவர் மனது சமாதானமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய பயத்துக்கு என் வயதைவிட அதிக வயது.

இதோ மறுபடியும் மே முடியப்போகிறது. நேற்றிலிருந்து கால் மணி நேரக் கணக்கைத் தொடங்கிவிட்டோம். சின்னவனுக்கு ஒன்பது வயது, தானே குளிக்கிறான். காதுக்குப் பின்னால் சோப்பு சரியாகப் போவதில்லை. நேற்று நார் எடுக்கக் கை போனது. "காதுக்குப் பின்னாடி தேச்சுக்கடா" என்று மட்டும் சொன்னேன்.

"எதுக்கும்மா?"

"வேர்க்குரு வந்திருக்கு. தேச்சா அரிக்காது."

சரி என்று போய்த் தேய்த்துக்கொண்டான்.

ஜெய்பீம்.